பிட்ஸ் விமானத்தின் வால் சக்கரம்: பாகம் மாற்றுவதா, சக்கரத்தையே மாற்றுவதா?

விமானம் இறங்கி, ஓடி, வேகம் தணிந்து, இனி எல்லாம் சரி என்று மூச்சு விடும் நேரத்தில் வாலில் தடதடவென்று ஒரு ஆட்டம். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் சில நேரம் வெறி பிடித்ததுபோல் இடமும் வலமும் அடித்துக்கொள்ளுமே, அதே ஆட்டம்தான். ஆனால் இங்கே அது நம் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. இருக்கை, பெடல், பற்கள் எல்லாம் சேர்ந்து அதிரும். நானும் நண்பர் ஒருவரும் பங்கு போட்டு ஃபுளோரிடாவில் வைத்திருக்கும் பிட்ஸ் எஸ்-1எஸ் விமானத்தில் இந்த ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து, என்ன வாங்குவது, எங்கே வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்று இரண்டு மாதம் அலசினோம். அந்த அலசலை இங்கே எழுதுகிறேன். பழைய சாகச விமானம் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும்.

பிட்ஸ் பற்றி அறியாதவர்களுக்கு: கர்டிஸ் பிட்ஸ் என்பவர் வடிவமைத்த இரட்டை இறக்கை விமானம் இது. முதல் விமானம் 1944-இல் பறந்தது. எஸ்-1எஸ் ஒருவர் மட்டும் உட்காரும் ரகம். நீளம் பதினைந்தரை அடி, இறக்கை விரிவு 17 அடி 4 அங்குலம், வெறும் எடை சுமார் 720 பவுண்டு, ஆளும் எரிபொருளும் சேர்த்து அதிகபட்சம் 1,150 பவுண்டு. அதில் 180 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின். வானத்தில் இதைப்போலச் சொன்ன பேச்சைக் கேட்கும் விமானம் குறைவு. தரையில் அப்படியில்லை. ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், வால் கொஞ்சம் ஒதுங்கினாலும் மேலும் ஒதுங்கத்தான் பார்க்கும். விமானம் குட்டை என்பதால் அது நடக்கிற வேகமும் அதிகம். வேகம் இருக்கும்வரை ரட்டரில் (பெடலால் திரும்பும் வால் பலகையில்) காற்று பட்டு நேராகப் பிடித்துக்கொள்ளும். வேகம் இறங்கியபின் ரட்டர் செத்துவிடும். அப்புறம் நம் கையில், சரியாகச் சொன்னால் காலில், மிஞ்சுவது அந்தச் சின்ன வால் சக்கரமும் பிரேக்கும்தான். அதனால் வால் சக்கரத்தில் கோளாறு என்றால் டயர் தேய்ந்த கோளாறுபோல நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு கிரவுண்ட் லூப்பில் (தரையில் ஓடும்போது விமானம் கட்டுமீறிச் சுழன்றுவிடுவதில்) கீழ் இறக்கையும் முன்சக்கரக் காலும் ஒன்றாகப் போய்விடும்.

கடைக்குப் போகுமுன் பட்டையைப் பாருங்கள். நான் இந்தக் கட்டுரை எழுதுவதே பெரும்பாலும் இதைச் சொல்லத்தான்.

வால் சக்கரம் விமானத்தின் உடம்போடு நேராக மாட்டப்படுவதில்லை. லாரிக்கு அடியில் இருப்பதுபோன்ற பட்டை ஸ்பிரிங் ஒன்று வாலிலிருந்து பின்னோக்கிச் சரிந்து வருகிறது. அதன் நுனியில் சக்கரத்தின் தலைப்பகுதி போல்ட் போட்டு மாட்டியிருக்கும். சக்கரம் திரும்பும் அச்சு, அதாவது கிங்பின், தரைக்குச் செங்குத்தாகவோ அல்லது அதன் மேல்முனை சற்றே பின்பக்கம் சாய்ந்தோ இருக்க வேண்டும். அப்போதுதான் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடம் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். சக்கரம் ஒழுங்காகப் பின்தொடரும். பல வருடம் மூன்று சக்கரமும் ஒன்றாகப் பதிய இறங்கி இறங்கி பட்டை தொய்ந்து தட்டையாகிவிட்டால் அதன் நுனி மேலே எழும். கூடவே கிங்பின்னின் மேல்முனை முன்பக்கம் சாய்ந்துவிடும். இப்போது அச்சுக்கோடு டயர் தொடும் இடத்தை நெருங்குகிறது. பின்தொடரும் குணம் போய்விடுகிறது. சக்கரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அடித்துக்கொள்கிறது.

இந்த நிலையில் நீங்கள் எவ்வளவு விலை கொடுத்துப் புதுச் சக்கரம் வாங்கி மாட்டினாலும் ஆட்டம் சில நாளில் திரும்ப வரும். புதுச் சக்கரத்தின் இறுக்கம் கொஞ்ச நாள் நோயை மறைக்கும், அவ்வளவுதான். ஆகவே விமானத்தைச் சமதரையில் நிறுத்தி, டேங்கை நிரப்பி, இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, டிஜிட்டல் மட்டக்கோலைக் கிங்பின் மூடியின்மேல் வைத்துப் பாருங்கள். ஆள் இல்லாமல் வெறும் விமானத்தை அளந்தால் பாதி உண்மைதான் தெரியும். எங்கள் விமானத்தில் வெறுமனே அளந்தபோது கிட்டத்தட்டச் செங்குத்து. நண்பர் ஏறி உட்கார்ந்ததும் மேல்முனை முன்னால் போய்விட்டது. ஒரு புதுப் பட்டை அல்லது பட்டைக்கும் தலைக்கும் இடையே சரிவு கொண்ட ஒரு தகடு, இதுவே சிலருக்கு முழு மருந்து.

பட்டை சரியாக இருந்தும் ஆட்டம் இருந்தால், அல்லது எங்களைப்போல இரண்டிலும் கோளாறு என்றால், சக்கரத்துக்குள் போக வேண்டியதுதான். வாலைத் தாங்கியில் உயர்த்தி வைத்து டயரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் பிளே (தளர்வு) இருக்கிறதா, ஃபோர்க் (சக்கரத்தைத் தாங்கும் கவை) கிங்பின்னில் மேலும் கீழும் நகர்கிறதா என்று கைக்கே தெரியும். அதைவிட முக்கியமானது விடுபடும் இடம். இந்த விமானங்களில் பெரும்பாலும் இருப்பது ரட்டரோடு சேர்ந்து திரும்பும் வகைச் சக்கரம். குறிப்பிட்ட கோணம்வரை பெடலுக்குக் கட்டுப்படும். அதைத் தாண்டினால் உள்ளே ஸ்பிரிங் அழுத்தும் ஒரு பின் (சிறு உலோகத் தண்டு), தான் உட்கார்ந்திருக்கும் காடியிலிருந்து (பள்ளத்திலிருந்து) வெளியே வந்துவிடும். சக்கரம் முழு வட்டமும் சுழலும். ஹேங்கருக்குள் விமானத்தைப் பின்னோக்கித் தள்ள இது வேண்டும். ஆனால் பின்னின் முனையோ காடியின் விளிம்போ மழுங்கிவிட்டால், இறங்கி ஓடும்போது பக்கவாட்டில் ஒரு இடி பட்டாலே பின் நழுவிவிடும். ஆட்டத்தையாவது காது கேட்கிறது. இந்த நழுவலுக்கு முன்னறிவிப்பே கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் விடுபடுகிறதா, ஒரே அளவு பலம் கேட்கிறதா என்று ஒரு சிறு தராசுக் கொக்கியை மாட்டி இழுத்துப் பாருங்கள். எங்களுடையதில் இடப்பக்கம் சீக்கிரமே விட்டுக்கொடுத்தது.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

எங்களிடம் இருப்பது மால் சக்கரம். மால் என்றால் பலருக்கு அந்தப் பெயரில் வரும் விமானம்தான் நினைவு வரும். ஆனால் பி. டி. மால் விமானம் விற்பதற்கு முன்பே, 1940-களில், வால் சக்கரம் செய்து விற்றவர். நிறுவனம் இப்போது ஜார்ஜியா மாநிலத்து மோல்ட்ரியில் இருக்கிறது. சிறு விமானங்களில் அவர்கள் சக்கரம் பரவலாக இருப்பதால் உள்பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்கின்றன: பின், ஸ்பிரிங், வாஷர், புஷ் (அச்சு சுழலும் உலோக வளையம்), ஸ்டீயரிங் ஆர்ம், டயர், பேரிங். நிறுவனத்திடமே கேட்கலாம், ஏர்கிராஃப்ட் ஸ்புரூஸ்போன்ற பெரிய கடைகளிலும் கேட்கலாம். ஆர்டர் கொடுக்குமுன் உங்கள் சக்கரத்தின் சரியான மாடல் எண்ணைப் பாருங்கள். 6 அங்குலமா 8 அங்குலமா, சாலிட் டயரா காற்றடிக்கும் டயரா என்பதைப் பொறுத்து பாகம் மாறும். முன்பு வைத்திருந்தவர் இரண்டு மாடலைக் கலந்து மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. பிரித்து மேசையில் பரப்பி, விரித்துக் காட்டும் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

பழுது பார்ப்பதில் செலவு குறைவு என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது. அதே பட்டை, அதே துளை, ரட்டரையும் சக்கரத்தையும் இணைக்கும் செயினின் அதே நீளம், அதே எடை. எது தேய்ந்தது என்று கண்ணால் பார்த்து மாற்றுவதால் கோளாறின் காரணமும் புரிகிறது. எங்கள் சக்கரத்துக்குள் பழைய கிரீஸும் ஃபுளோரிடா மணலும் சேர்ந்து சாணைக்கல் பசைபோல இருந்தது. காடி மழுங்கியதற்கு அதுவே போதும். இதில் ஒரே எல்லை: தலைப்பகுதியோ ஃபோர்க்கோ விரிசல் விட்டிருந்தால், அல்லது புஷ் உட்காரும் துளையே நீள்வட்டமாகியிருந்தால், உள்பாகம் மாற்றிப் பயனில்லை. பெயிண்டைச் சுரண்டிவிட்டு, சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் சோதனையைச் செய்யாமல் பழுது பார்க்க முடிவு செய்யாதீர்கள்.

அப்படி விரிசல் கண்டவர்களுக்கு அதே மாடலைப் புதிதாக வாங்குவதே நல்லது. இதில் விவாதிக்க அதிகம் இல்லை. காசு கூட, கவலை குறைவு.

விவாதம் முழுக்க அடுத்த வழியில்தான்: வேறு ரகத்துக்கு மாறுவது. ஹேங்கர்களில் யாரைக் கேட்டாலும் ஸ்காட் 3200 என்பார்கள். அது நியாயமான புகழ்தான். செஸ்னா 180, 185, பைப்பர் சூப்பர் கப் என்று காட்டிலும் மேட்டிலும் இறங்கும் விமானங்களைத் தாங்கிய சக்கரம் அது. இப்போது அந்த வடிவத்தை அலாஸ்காவில் புஷ்வீல் டயர் (கரடுமுரடான தரைக்கான பெரிய டயர்) செய்பவர்கள் ஏபிஐ-3200 என்ற பெயரில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதனால் பாகத்துக்குப் பஞ்சம் இல்லை. உறுதியானது, காற்றடிக்கும் 8 அங்குல டயர், புல்தரையில் மெத்தென்று ஓடும்.

ஆனால் கனமானது. சூப்பர் கப்பில் அந்தக் கனம் ஒரு பொருட்டில்லை. பிட்ஸில் பொருட்டு. கணக்கைப் பாருங்கள். எங்கள் விமானத்தில் வால் சக்கரம் ஈர்ப்பு மையத்திலிருந்து சுமார் 3 மீட்டர் பின்னால் இருக்கிறது. முழு எடை 520 கிலோ. வாலில் ஒரு கிலோ கூடினால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் பின்னே போகும். சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் இறக்கையின் அகலமே 3 அடிதான். ஈர்ப்பு மையம் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட இடைவெளி சில அங்குலம் மட்டுமே. கனமான விமானி உட்கார்ந்தாலே பின் எல்லையை நெருங்கும் எஸ்-1-கள் உண்டு. எல்லை தாண்டினால் ஸ்டிக் (விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கம்பி) கைக்கு மிகவும் லேசாகிவிடும், ஸ்பின் (விமானம் சுழன்றபடி விழுவது) தட்டையாகும், மீள்வது கடினமாகும். தட்டையான ஸ்பின்னை வேண்டுமென்றே செய்து காட்டுகிற விமானத்தில், அது வேண்டாதபோது வரக்கூடாது அல்லவா? அந்த ஒரு கிலோவைச் சமன்செய்ய ஈர்ப்பு மையத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் மூன்று கிலோ ஈயம் கட்ட வேண்டும். 720 பவுண்டு விமானத்துக்கு ஈயம் கட்டிப் பறப்பது எனக்குச் சகிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 6 ஜி (எடையைப்போல ஆறு மடங்கு விசை) எடுக்கும்போது 3 கிலோ சக்கரம் 18 கிலோவாகப் பட்டையையும் அதன் போல்ட்டுகளையும் இழுக்கிறது. தலைகீழாகத் தள்ளும்போது அதே இழுப்பு எதிர்ப்பக்கம். சாதாரண விமானத்தில் வால் சக்கரத்தின் பாரம் தரையில் மட்டும்தான். சாகச விமானத்தில் வானத்திலும் உண்டு. புது ரகம் மாட்டுபவர்கள் சக்கரத்தின் எடையைக் கேட்கிறார்கள், போல்ட்டை மறந்துவிடுகிறார்கள். பட்டையைப் பிடிக்கும் ஏ.என். (விமானத் தர) போல்ட்டுகளை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாக மாற்றிவிடுங்கள். அதன் விலை ஒரு மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாது.

எதிர்த் திசையில், இலேசான சக்கரங்களும் இருக்கின்றன. வீட்டில் கட்டும் விமானங்களுக்கென்றே சிறு நிறுவனங்கள் அலுமினியத்தைக் கடைந்து செய்பவை. பார்க்க அழகு, எடையும் குறைவு. வாங்குமுன் ஒன்று கவனிக்க வேண்டும்: இவற்றில் பல, வான்ஸ் ஆர்.வி. விமானங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆர்.வி.யின் வாலில் பட்டை கிடையாது, உருண்டைக் கம்பி. கம்பிக்கான தலை பட்டையில் உட்காராது. பட்டைக்கென்று செய்தவற்றிலும் அகல வித்தியாசம் உண்டு; ஒன்றேகால் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று வரும். காலிப்பர் வைத்து அளந்துவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள். பட்டை இலேசான சக்கரத்துக்குப் பொருந்தி, உங்கள் ஈர்ப்பு மையம் ஏற்கெனவே பின் எல்லையில் தொங்குகிறது என்றால், மாறுவதற்கு இது ஒன்றே உண்மையான காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

பூட்டும் சக்கரம் பற்றியும் கேட்பார்கள். ஹேக் என்ற பெயரில் பிட்ஸ் வட்டாரத்தில் பிரபலம். விமானி அறையிலிருந்து ஒரு பிடியால் பூட்டினால் சக்கரம் நேராக நின்றுவிடும்; திறந்தால் முழுச் சுதந்திரம், பெடலுக்குக் கட்டுப்படாது, பிரேக்கால்தான் திருப்ப வேண்டும். ஓடுபாதையில் இது அருமை. பக்கக்காற்றில் டாக்ஸி செய்யும்போது (தரையில் மெல்ல ஓட்டும்போது) பிரேக் சூடாகும். கேபிளும் பிடியும் புதிதாகப் போட வேண்டும். நீண்ட தார் ஓடுபாதையில் போட்டிக்காகப் பறப்பவருக்கு நல்ல தேர்வு. எங்கள் ஓடுபாதை புல், குறுகல், திரும்பும் இடங்கள் அதிகம். எங்களுக்கு வேண்டாம் என்று உடனே தள்ளிவிட்டோம்.

இனி பழைய சக்கரம். இணையத்தில் ஏலத்துக்கு வருபவை, மூடிய ஹேங்கர்களிலிருந்து வெளியே வருபவை, நண்பரின் நண்பரிடம் பெட்டியில் கிடப்பவை. நாங்களும் ஒன்று வாங்கினோம். படத்தில் பளபளவென்று இருந்தது. வந்தபின் பெயிண்டைச் சுரண்டினால் ஃபோர்க்கின் வளைவில் முடிபோல ஒரு விரிசல். கிரவுண்ட் லூப் அடித்த விமானத்திலிருந்து கழற்றியிருப்பார்கள் என்பது என் ஊகம். விற்றவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அதை வீணாக்கவில்லை; ஸ்டீயரிங் ஆர்மும் மூடியும் நல்ல நிலையில் இருந்ததால் எடுத்து வைத்திருக்கிறோம். பழையதை முழுச் சக்கரமாக நம்பி வாங்காதீர்கள். உதிரிபாகக் குவியலாக நினைத்து, அந்த விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டில் கட்டிய விமானத்துக்கு. பிட்ஸில் இரண்டு சாதி உண்டு. வரைபடம் வாங்கித் தாமே கட்டிய எஸ்-1-கள் அமெரிக்காவில் எக்ஸ்பெரிமெண்டல் (சோதனை) வகையில் பதிவாகின்றன. இருவர் உட்காரும் எஸ்-2ஏ 1971-இல் வகைச் சான்று (வடிவமைப்புக்கு அரசு தரும் ஒப்புதல்) பெற்றது. அந்த வரிசையும், தொழிற்சாலையில் செய்த சில எஸ்-1-களும் சான்று பெற்றவை. அந்தச் சான்று இப்போது வயோமிங் மாநிலத்து ஆஃப்டனில் உள்ள ஏவியாட் நிறுவனத்திடம் இருக்கிறது. முதல் சாதிக்கு எந்தச் சக்கரம் மாட்டுவது என்பது உரிமையாளரின் பொறுப்பு. அதே எண் கொண்ட பேரிங்கைப் பேரிங் கடையிலேயே வாங்கலாம். ஆண்டுச் சோதனை செய்பவர் ஒப்புக்கொண்டால் சரி. பெரிய மாற்றம் என்றால் விமானத்தின் இயக்க வரம்புகளில் சொல்லியிருக்கும் முறைப்படி சோதனைப் பறத்தலும் பதிவும் தேவைப்படும். இரண்டாம் சாதிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பாகத்துக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.யின் பி.எம்.ஏ. (பாகம் தயாரிக்கும்) அனுமதியோ, வகைச் சான்றில் இடமோ இருக்க வேண்டும். வாங்கும்போது, பாகம் தகுதியானது என்று சான்று சொல்லும் 8130-3 படிவம் வருமா என்று கேளுங்கள். பழைய சக்கரம் மலிவாகக் கிடைத்தும் தாள் இல்லாததால் மாட்ட முடியாமல் போகும் இடம் இதுதான். சான்று பெற்ற எஸ்-2 வைத்திருப்பவர் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் ஏவியாட். அங்கே கிடைக்கவில்லை என்றால்தான் மற்ற கடைகள்.

பாகமே கிடைக்காவிட்டால் செய்துகொள்வதும் ஒரு வழி. உரிமையாளர் தன் விமானத்துக்காகத் தானே தயாரிக்கும் பாகத்தை எஃப்.ஏ.ஏ. விதி 21.9 அனுமதிக்கிறது, சான்று பெற்ற விமானத்துக்கும்கூட. அதற்கு வரைபடம், பொருள், வெப்பப் பதம் எல்லாம் மூலப் பாகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்டீயரிங் ஆர்ம், இணைப்புக் கொக்கி, சரிவுத் தகடு இவற்றை லேத் பட்டறையில் செய்யலாம். பின்னையும் காடித் தகட்டையும் செய்யாதீர்கள். அங்கே எஃகின் கடினம்தான் எல்லாம். கொஞ்சம் மிருதுவாகப் போனால் முப்பது இறக்கத்தில் மழுங்கும், கொஞ்சம் கூடினால் உடையும்.

எங்கள் முடிவு இது. தலையும் ஃபோர்க்கும் சாயச் சோதனையில் தேறின. ஆகவே அதே மால் சக்கரத்துக்குப் புதுப் பின், காடித் தகடு, புஷ், உள் ஸ்பிரிங், பேரிங், சாலிட் டயர். கூடவே புதுப் பட்டை, புதுப் போல்ட்டுகள், ரட்டருக்கும் சக்கரத்துக்கும் இடையிலான செயின் ஸ்பிரிங் ஒரு ஜோடி. இந்த ஜோடியை மறந்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் தொய்ந்திருந்தால் விமானம் ஒரு பக்கம் சோம்பலாகவும் மறுபக்கம் வெடுக்கென்றும் திரும்பும். பெடல் நடுவில் இருக்கும்போது செயின் விறைத்து நிற்கக் கூடாது, தொங்கவும் கூடாது.

மாட்டியபின் டேங்க் நிரப்பி, நண்பரை மறுபடி உட்கார வைத்து அளந்தேன். கிங்பின்னின் மேல்முனை இரண்டு டிகிரி பின்னால். விடுபடும் இழுப்பு இரண்டு பக்கமும் ஒன்று. நடை வேகத்தில் டாக்ஸி, அப்புறம் கொஞ்சம் வேகமாக, அப்புறம் வால் தூக்கி ஒரு ஓட்டம், கடைசியில்தான் பறத்தல். மூன்று இறக்கத்துக்குப் பின் போல்ட்டுகளின் இறுக்கத்தைத் திரும்பப் பார்த்தோம். ஒன்று கால் சுற்று வாங்கியது. அந்த இரண்டு டிகிரியை விமானத்தின் லாக் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டுச் சோதனையில் அதே டேங்க் அளவு, அதே ஆள், அதே இடத்தில் மட்டக்கோல்.